ஹாம் ரேடியோ சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர் நண்பர்களே, வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். உரிமத் தேர்வுப் பயிற்சி வழக்கம்போல் நடந்தது. மாதக் கூட்டங்களில் பாதி நேரத்தை எடுத்துக்கொண்டது 40 மீட்டர் (7 மெகாஹெர்ட்ஸ்) ரிசீவரில் மிக்சருக்கு, அதாவது வந்த சிக்னலை வேறு அதிர்வெண்ணுக்கு மாற்றும் பகுதிக்கு, முன்னால் நின்று பெருக்கும் டிரான்சிஸ்டர். ஆகவே அறிக்கையும் அதைப் பற்றியதே.

பெஞ்சுக்கு வந்த செட்டுகளில் பொதுவான புகார் ஒன்று: இருட்டியதும் நிலையமே இல்லாத அலைவரிசையில்கூடப் பாட்டும் பேச்சும் கலந்து கேட்கின்றன. நம் பேண்ட் 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரை. அதற்கு மேல் 7.45 வரை ஒலிபரப்பு நிலையங்கள், இரவில் மிக வலுவாக. எஸ்ஏ612 என்ற மிக்சர் ஐசியின் உள்ளீட்டு இன்டர்செப்ட் (வலுவான சிக்னல்களைக் கலக்காமல் தாங்கும் திறனின் அளவு) சுமார் −13 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபெல்). முன்னால் 20 டெசிபெல் பெருக்கியை வைத்தால் ஆன்டெனா முனையில் அது −33 ஆகிவிடும், வலுவான நிலையங்கள் இன்னும் எளிதில் ஒன்றோடொன்று கலக்கும். ஃபில்டர் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம், 7.3-இல் இருக்கும் நிலையத்தை முன்பக்க எல்சி ஃபில்டர் பெரிதாக அடக்காது. அதன் வேலை இமேஜையும் (மிக்சர் தவறாக ஏற்கும் மற்றோர் அதிர்வெண்) மீடியம் வேவையும் தடுப்பதுதான்.

கெய்ன் (பெருக்கம்) கூட்டினால் தூரத்து நிலையம் கிடைக்கும் என்பது 2 மீட்டரில் (144 மெகாஹெர்ட்ஸ் பேண்ட்) சரி. 7 மெகாஹெர்ட்ஸில், குடியிருப்புப் பகுதியின் இரைச்சலே வெப்ப இரைச்சலைவிட 45 முதல் 50 டெசிபெல் மேலே நிற்கிறது. ரிசீவரின் நாய்ஸ் ஃபிகர் (அது தானே சேர்க்கும் இரைச்சலின் அளவு) 12 டெசிபெல் இருந்தாலும் ஒன்றும் குடிமுழுகாது. மட்டமான எல்இடி பல்பு ஒன்றை அணைப்பதில் கிடைக்கும் லாபம் எந்த டிரான்சிஸ்டரிலும் கிடைக்காது. எனவே எஸ்ஏ612-க்கு முன் பெருக்கியே வேண்டாம் என்பது செயற்குழுவின் கருத்து. டயோடுகளால் ஆன ரிங் மிக்சர் என்றால் அது சிக்னலில் சுமார் 6 டெசிபெல் தின்னும். அங்கே முன்னால் 10 டெசிபெல் பெருக்கம் போதும்.

அதற்கு நாம் எடுத்துக்கொண்டது 2என்2222ஏ டிரான்சிஸ்டரில் கட்டிய ஃபீட்பேக் (வெளியீட்டில் ஒரு பங்கை உள்ளீட்டுக்குத் திருப்பும்) பெருக்கி. கலெக்டரிலிருந்து பேஸுக்கு 220 ஓம், அதனுடன் தொடராக 0.1 மைக்ரோஃபாராட். எமிட்டரில் முதலில் 10 ஓம், அதன்கீழ் 150 ஓம். 150-க்கு மட்டும் 0.1 மைக்ரோஃபாராட் பைபாஸ் கெப்பாசிட்டர் (சிக்னலை அந்தத் தடையைச் சுற்றிக் கிரவுண்டுக்கு விடுவது). 12 வோல்ட்டிலிருந்து பேஸுக்கு 4.7கே, பேஸிலிருந்து கிரவுண்டுக்கு 1.8கே. எமிட்டர் காலில் ஏறக்குறைய 2.5 வோல்ட் காட்டினால் கரண்ட் 15 மில்லிஆம்பியர், சரி. அப்போது டிரான்சிஸ்டரின் உள் எமிட்டர் தடை 1.7 ஓம், 10-உடன் சேர்த்து 11.7. இதை 220 ஆல் பெருக்கினால் 2574, அதாவது ஏறத்தாழ 50-இன் வர்க்கம். இரு முனையும் 50 ஓம் ஆவது இதனால்தான். கலெக்டர் சோக்குக்கு (டிசியை விட்டு சிக்னலைத் தடுக்கும் சுருள்) எஃப்டி37-43 ஃபெரைட் வளையத்தில் 10 சுற்று.

அதிகம் நடந்த தவறு, பைபாஸ் கெப்பாசிட்டரை இரண்டு தடைகளின் சந்தியில் வைக்காமல் எமிட்டர் காலிலேயே பற்றவைத்தது. டிசி வோல்ட்டேஜ் மாறாது, மீட்டர் எல்லாம் நலம் என்றே காட்டும். ஆனால் 10 ஓம் காணாமல் போய், உள்ளீட்டுத் தடை சரிந்து, முன்னாலுள்ள ஃபில்டரின் வடிவமே கெட்டுவிடும்.

இந்தச் சுற்றின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். பின்னோக்கிய தடுப்பு சுமார் 15 டெசிபெல்தான். மிக்சருக்கு ஊட்டும் லோக்கல் ஆசிலேட்டரின் அலை கசிந்து 220 ஓம் வழியே ஆன்டெனாவுக்கு ஏறும். டைரக்ட் கன்வர்ஷன் (சிக்னலை நேராகவே ஒலியாக மாற்றும்) செட்டில் அதுவே ஹம்மாகத் திரும்பி வரும். அப்படிப்பட்ட செட்டுக்கு ஜே310 ஃபெட் டிரான்சிஸ்டரின் கேட்டைக் கிரவுண்டில் கட்டிய காமன் கேட் பெருக்கி மேல். சோர்ஸில் 220 ஓம் வைத்தால் 2 வோல்ட் சுமாருக்கு நிற்கும், உள்ளீடு 70 ஓம் அருகில் வரும். ஆளுக்கு ஆள் மாறும் டிரான்சிஸ்டர் இது, ஒவ்வொன்றையும் அளந்தே போடவும். கேட் காலை ஒட்ட வெட்டி நேராகக் கிரவுண்ட் செம்பில் பற்றவைக்க வேண்டும். அரை அங்குலம் விட்டாலே விஎச்எஃப்பில் ஊளையிடும். விரலை அருகே கொண்டுபோனால் சோர்ஸ் வோல்ட்டேஜ் ஆடுவது அதன் அடையாளம். டிரெயினில் 10 ஓம் அல்லது ஒரு ஃபெரைட் மணி கோத்தால் அடங்கும்.

புகார் உள்ளவர்கள் செட்டைத் தூக்கி வருமுன் ஆன்டெனாவில் 10 டெசிபெல் அட்டெனுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் பெட்டி) மாட்டிப் பார்க்கவும். நிலையம் 10 இறங்கி, குப்பை 30 இறங்கினால் குற்றம் நம் முன்பக்கத்தில். இரண்டும் சேர்ந்தே இறங்கினால் குப்பை காற்றிலேயே இருக்கிறது, சால்டரிங் அயர்னை எடுக்க வேண்டாம்.

சங்கத்தின் அட்டெனுவேட்டர் பெட்டியை இரவல் வாங்கியவர் அடுத்த கூட்டத்துக்குள் திருப்பித் தரக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்