கிலோமீட்டர் பின்னோக்கிப் போகுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய பைக் வாங்குவோர் பெயிண்டின் பளபளப்பையும் இன்ஜின் சத்தத்தையும் பார்த்துவிட்டு நேரே பேரத்துக்குப் போய்விடுகிறார்கள். வண்டி ஓட்டத் தகுதியாக இருக்கிறதா என்று சோதித்துக் கொடுத்த பழைய பரிசோதனைச் சான்றுகளை வரிசையாக வைத்துப் பார்ப்பவர்கள் குறைவு. கிலோமீட்டர் குறித்திருந்தால் முதலில் அதைப் பாருங்கள். ஒரு சான்றில் 38,000, அடுத்ததில் 21,000 என்றால் மீட்டரில் கைவைத்திருக்கலாம், இல்லை மீட்டரையே மாற்றியிருக்கலாம். மாற்றியிருந்தால் சரி, பில் எங்கே? குறைவாக ஓடியதாகச் சொல்லும் வண்டியில் ஃபுட்ரெஸ்ட் ரப்பர் மொழுக்கென்று தேய்ந்திருந்தாலும் சந்தேகப்படலாம்.

‘தேறவில்லை’ என்ற குறிப்பைக் கண்டதும் மிரள வேண்டாம். பல்பு எரியாததற்கும் அப்படிப் போடுவார்கள். ஆனால் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் ஆயில் கசிவு என்று திரும்பத் திரும்ப வந்தால், ஆயிலை அடைத்து நிறுத்தும் ரப்பர் ‘சீல்’ வளையத்தை மட்டும் மாற்றி ஒப்பேற்றியிருக்கக்கூடும். ஃபோர்க் குழாயில் துருப்புள்ளி இருந்தால் புது சீலும் நிற்காது. அப்புறம், சேஸிஸ் எண், அதாவது வண்டியின் சட்டத்தில் பொறித்திருக்கும் அடையாள எண். சான்றில் உள்ளதும் வண்டியில் பொறித்ததும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். இடையில் சில வருடங்களுக்குச் சான்றே இல்லை என்றால் காரணம் கேட்கத் தயங்காதீர்கள்.

விற்பனை விளம்பரத்திலேயே கடைசிப் பரிசோதனைத் தேதியையும் அன்றைய கிலோமீட்டரையும் போடச் சொல்லிப் பத்திரிகைகள் வற்புறுத்தலாமே.

இப்படிக்கு,
ஒரு வாசகர்