‘தூரிகையைத் துறந்தவர்’ என்பது சரியா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஓவியராக இருந்து ஆவணப்பட இயக்குநரானவரைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் ‘தூரிகையைத் துறந்து கேமராவை எடுத்தவர்’ என்று தலைப்புப் போட்டிருந்தீர்களே, அதுதான் உறுத்தியது, ஏதோ ஒரு வேலையை ராஜினாமா செய்துவிட்டு வேறு கம்பெனிக்குப் போன மாதிரி. நான் படத்தொகுப்பு வேலை பார்க்கிறவன், ஓவியர்கள் எடுத்த இரண்டு மூன்று படங்களுக்கு வேலை செய்திருக்கிறேன், அந்த உரிமையில் எழுதுகிறேன்.

ஓவியர் எம்.எஃப்.ஹுசைன் 1967இல் மத்திய அரசின் ஆவணப்பட நிறுவனமான பிலிம்ஸ் டிவிஷனுக்காக ‘த்ரூ தி ஐஸ் ஆஃப் எ பெயின்டர்’ எடுத்தார். ராஜஸ்தானில் சுற்றி எடுத்த கறுப்பு வெள்ளைப் படம், கதை என்று ஒன்றும் கிடையாது. ஒரு குடை, ஒரு லாந்தர் விளக்கு, ஒரு செருப்பு, இவைதான் திரும்பத் திரும்ப வரும். அதே குடையையும் லாந்தரையும் அவருடைய ஓவியங்களிலும் பார்க்கலாம், அப்புறம் எதைத் துறந்தார்? பெர்லின் திரைப்பட விழாவில் அந்த ஆண்டு குறும்படத்துக்கான தங்கக் கரடி விருது இந்தப் படத்துக்குத்தான் கிடைத்தது. இளம் வயதில் பம்பாயில் சினிமா பேனர் வரைந்து பிழைத்தவருக்கு சினிமா ஒன்றும் அந்நிய ஊர் இல்லை.

இன்னொரு ஓவியர் தையப் மேத்தா கதை இன்னும் வேடிக்கை. அவர் முதலில் பார்த்ததே படத்தொகுப்பு வேலை (எங்கள் ஆள்!), அதற்குப் பிறகுதான் ஓவியம் படிக்கப் போனார். கால்கள் கட்டப்பட்ட காளையை ஐம்பதுகளிலேயே வரைந்தவர், 1970இல் பம்பாயின் பாந்த்ரா இறைச்சிக்கூடத்துக்குக் கேமராவோடு போனார். படத்தின் பெயர் ‘கூடல்’. நம் தமிழ்ச் சொல்லேதான்.

என் அனுபவம் ஒன்று. ஒரு ஓவியர் எடுத்துவந்த காட்சிகளில் ஒரு கிழவியின் கை கயிறு திரித்துக்கொண்டே இருந்தது, இரண்டு நிமிஷத்துக்கு மேல். இருபது வினாடி போதும், வெட்டிவிடலாம் என்றேன். ‘கை தானாக நிற்கட்டும், அப்ப வெட்டுங்க’ என்றார். கோபம் வந்தது, ஆனால் முழுசாகப் போட்டுப் பார்த்தபோது ஒன்றரை நிமிஷத்துக்குப் பிறகு அந்த விரல்கள் லேசாக நடுங்க ஆரம்பித்தது தெரிந்தது. நான் வெட்டியிருந்தால் அது போயிருக்கும். அதற்காக எல்லாம் பிரமாதம் என்று சொல்லவில்லை. ஒலி முழுக்கக் காற்று இரைச்சல், கிழவியிடம் ஒரு கேள்விகூடக் கேட்டிருக்கவில்லை, பெயர்கூடத் தெரியாது. தனியாக அறையில் உட்கார்ந்து வரைந்து பழகியவர்களுக்கு மனிதர்களிடம் பேச்சுக் கொடுப்பதுதான் பெரிய பாடு.

காசு இன்னொரு பாடு. ஓவியத்துக்குக் கேன்வாஸும் சாயமும் இருந்தால் ஓட்டிவிடலாம், படத்துக்கு வேறு யாராவது பணம் போட வேண்டும். ஹுசைனுக்கு பிலிம்ஸ் டிவிஷன் இருந்தது. 2022இல் அதையும் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைத்துவிட்டார்கள். உங்கள் கட்டுரை நாயகர் பணத்துக்கு என்ன செய்தார் என்று ஒரு பத்தியாவது எழுதியிருக்கலாம்.

இன்னொன்றும் விட்டுப்போயிருக்கிறது. முழுப் பக்கக் கட்டுரை, நான்கு புகைப்படம், எல்லாம் சரி. அவர் படத்தை எங்கே பார்க்கலாம் என்று ஒரு வரி இல்லையே. அடுத்த வாரமாவது போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு படத்தொகுப்பாளர்