‘உங்கள் இணைய இணைப்பைச் சரிபார்க்கவும்’ என்று எழுதுகிறவர்களுக்கு

ஆன்லைன் விளையாட்டுகளை நடத்தும் நிறுவனங்களின் தொழில்நுட்பக் குழுவினருக்கும் உதவிப் பிரிவினருக்கும்,

வணக்கம். ஆட்டம் பாதியில் அறுந்துபோனால் நீங்கள் காட்டுவது ஒரே வரிதான்: ‘இணைப்பு துண்டிக்கப்பட்டது. உங்கள் இணைய இணைப்பைச் சரிபார்க்கவும்.’ அதே நேரத்தில் வாய்ஸ் சாட் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும். ‘டேய், எங்கடா போன?’ என்று கூட்டாளிகள் கேட்பது தெளிவாகக் காதில் விழும். இணையம் இருக்கிறது, ஆட்டம் மட்டும் இல்லை. சரி என்று உங்களுக்கு எழுதினால் பதிலும் எப்போதும் ஒரே மாதிரி: ரவுட்டரை அணைத்துப் போடுங்கள், கேபிளில் இணையுங்கள், ஃபயர்வாலை நிறுத்துங்கள், விளையாட்டை அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்யுங்கள், ஸ்பீடு டெஸ்ட் எடுத்து அனுப்புங்கள்.

கேபிள் யோசனையில் எனக்கு மறுப்பில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் பக்கத்து வீட்டு ரவுட்டர், ப்ளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் ஒரே இடத்தில் முட்டி மோதுகின்றன. ஆனால் ஃபயர்வாலை மொத்தமாக நிறுத்தச் சொல்வது வம்பு. உங்கள் விளையாட்டுக்கு மட்டும் அனுமதி தந்தால் போதுமே.

ஸ்பீடு டெஸ்ட் விஷயத்துக்கு வருகிறேன். பெரும்பாலான விளையாட்டுகளுக்கு ஒரு மெகாபிட் வேகம்கூடத் தேவையில்லை என்று உங்களுக்கே தெரியும். வீடியோ சில வினாடிகளை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும், நடுவில் ஒரு பாக்கெட் (தகவலின் சிறு துண்டு) தொலைந்தால் மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும். விளையாட்டு பெரும்பாலும் யுடிபியில், அதாவது தொலைந்ததைத் தானாக மறுபடி அனுப்பாத முறையில் ஓடுகிறது. வினாடிக்கு 64 முறை ஆட்டத்தைப் புதுப்பிக்கும் ‘64 டிக்’ சர்வர் என்றால் ஏறக்குறைய 15.6 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை உலகமே புதுப்பிக்கப்படுகிறது. தாமதமாக வந்த பாக்கெட்டால் யாருக்கும் பிரயோஜனமில்லை. எங்களைக் கவிழ்ப்பவை பாக்கெட் தொலைந்துபோகும் பாக்கெட் லாஸும், தாமதம் ஏறி இறங்கும் ஜிட்டரும்தான். வீட்டில் யாரோ ஒருவரின் போன் சத்தமில்லாமல் படங்களை பேக்கப் எடுக்க ஆரம்பிக்கும். அப்லோடு வரிசை ரவுட்டரில் தேங்கும், 30 மில்லிசெகண்டில் இருந்த பிங் (தகவல் போய்வரும் நேரம்) 300-க்கு ஏறும். பேக்கப் முடிந்த பிறகு எடுக்கும் ஸ்பீடு டெஸ்டில் இதன் சுவடே இருக்காது. ரவுட்டரில் வரிசை தேங்காமல் பார்த்துக்கொள்ளும் எஸ்க்யூஎம் வசதி இருந்தால் அதை இயக்கி, வேக வரம்பை உண்மையான வேகத்துக்குச் சற்றுக் கீழே வைத்தாலே இந்தத் தொல்லை பெருமளவு அடங்கும். இந்த ஒரு யோசனையை உங்கள் பதில்களில் நான் பார்த்ததே இல்லை.

அப்புறம், வெளியிலிருந்து வரும் இணைப்புகள் எங்களை எட்ட முடியவில்லை என்று விளையாட்டு காட்டும் அந்த ‘நேட் டைப்: ஸ்டிரிக்ட்’. அதற்கு நீங்கள் தரும் மருந்து போர்ட் ஃபார்வர்டிங், அதாவது அவற்றுக்கு வீட்டு ரவுட்டரில் வழி திறந்துவிடுவது. ஆனால் பழைய இணைய முகவரி முறையான ஐபிவி4-இல் மொத்தம் இருப்பதே சுமார் 430 கோடி முகவரிகள். உலக அளவிலான இருப்பு 2011 பிப்ரவரியிலேயே காலியாகிவிட்டது. அதனால் பல இணையச் சேவை நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கின்றன. இதற்கென்றே 2012-இல் ஒரு முகவரித் தொகுதியை ஒதுக்கினார்கள். ரவுட்டர் பக்கத்தில் வெளிப்புற ஐபி 100.64 முதல் 100.127 வரையான எண்ணில் தொடங்கினால் விஷயம் முடிந்தது: பூட்டு எங்கள் வீட்டுக் கதவில் இல்லை, தெருமுனை கேட்டில் இருக்கிறது. வீட்டு ரவுட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து எதுவும் உள்ளே வராது. பொது ஐபி கேட்டு வாங்க வேண்டும், இல்லையென்றால் நீங்கள் புதிய முகவரி முறையான ஐபிவி6-ஐ ஆதரிக்க வேண்டும், அதுவும் முடியாதென்றால் நடுவில் நின்று இருபக்கமும் கடத்திவிடும் ரிலே சர்வர் வைக்க வேண்டும். உங்கள் உதவிப் பக்கத்தில் இந்த ஒரு பத்தி இருந்தால் எத்தனை பேர் ரவுட்டரோடு மல்லுக்கட்டுவது மிச்சமாகும்!

ட்ரேஸ்ரூட் (பாக்கெட் போகும் வழியிலுள்ள ரவுட்டர்களின் பட்டியல்) கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நடுவில் ஒரு ரவுட்டர் மட்டும் பாதிப் பதில்களை விழுங்கி, கடைசி வரி சுத்தமாக இருந்தால் அங்கே கோளாறு இல்லை. அந்த ரவுட்டர் இப்படிப்பட்ட கேள்விகளைக் கடைசி வேலையாக வைத்திருக்கிறது, அவ்வளவுதான். அதைச் சிவப்பு வட்டமிட்டு ‘உங்கள் இணைய நிறுவனத்தைத் தொடர்புகொள்ளுங்கள்’ என்று டிக்கெட்டை மூடிவிடாதீர்கள்.

எங்களால் பார்க்க முடியாதது உங்கள் சர்வரில் இருக்கிறது. கடைசி பாக்கெட் எப்போது வந்தது, அதற்கு முன் எத்தனை தொலைந்தன, எந்த டேட்டா சென்டரில் எங்களைச் சேர்த்தீர்கள், அதே நிமிடத்தில் வேறு எத்தனை பேர் விழுந்தார்கள். இந்த நான்கையும் அந்தப் பிழைச் செய்திக்குக் கீழே காட்டுங்கள். டேட்டா சென்டரின் பெயர் தெரிந்தாலே பாதிக் கேள்வி தீரும். ஃபைபரில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். 8,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சர்வரில் எங்களைப் போட்டால் போய்வரவே குறைந்தது 80 மில்லிசெகண்ட். அதற்கு ரவுட்டரை அணைத்துப் போட்டு என்ன ஆகப்போகிறது?

கடைசியாக, தண்டனை. ஒரு ஆட்டத்தில் பத்துப் பேரும் ஒரே வினாடியில் விழுந்தால், பத்துப் பேரும் ஒரே நேரத்தில் ஓடிப்போனார்கள் என்று அர்த்தமில்லை. விழுந்தது உங்கள் சர்வர். அப்படியிருந்தும் ‘ஆட்டத்தைக் கைவிட்டவர்’ என்று ரேங்க் புள்ளிகளைக் கழிக்கிறீர்கள், அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருக்கவும் வைக்கிறீர்கள். இதைக் கண்டுபிடிக்கும் கணக்கு பெரிய வித்தையல்ல, தகவலும் உங்களிடமே இருக்கிறது. பிழைச் செய்தியை மாற்றுவதற்கு நாளாகும் என்றால், அதற்கு முன் இதை மட்டுமாவது சரிசெய்யுங்கள். கழித்த புள்ளிகளையும் திருப்பித் தந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
அடிக்கடி அறுந்துபோகும் ஆட்டக்காரன்