“60x60” என்று விற்ற பைனாகுலர் உண்மையில் 8x22: பணத்தைத் திருப்பித் தரக் கோரிக்கை

பெறுநர்: குறைதீர்ப்பு அலுவலர்

ஐயா / அம்மையீர்,

வணக்கம். எங்கள் பறவை நோக்கர் குழுவுக்காகத் தங்கள் தளத்தில் நான்கு மடக்குப் பைனாகுலர்கள் வாங்கினோம். பெட்டியில் “60x60, 126 மீ/1000 மீ, இரவிலும் பார்க்கலாம், வேட்டைக்கு ஏற்றது” என்று அச்சிட்டிருக்கிறது. (காட்டுயிர் வேட்டை குற்றமாக உள்ள நாட்டில் அந்தக் கடைசி வாசகம் எதற்கென்று தெரியவில்லை.)

60x60 என்றால் 60 மடங்கு பெருக்கம், 60 மி.மீ. விட்டமுள்ள முன்லென்ஸ் என்று பொருள். ஆனால் முன்லென்ஸின் விட்டத்தை ஸ்கேலால் அளந்தால் 22 மி.மீ.தான். கருவியை வானத்தின் பக்கம் காட்டி, கண்லென்ஸை ஓரடி தள்ளி வைத்துப் பார்த்தால் தெரியும் ஒளிவட்டம் சுமார் 2.75 மி.மீ. 22ஐ 2.75ஆல் வகுத்தால் 8. பெருக்கம் அவ்வளவே. 60 மடங்கு என்றால் அந்த வட்டம் அரை மி.மீ.கூட இருக்காது.

அளக்கவே வேண்டாம், பெட்டியே காட்டிக்கொடுக்கிறது. 1000 மீட்டர் தொலைவில் 126 மீட்டர் அகலம் தெரியும் என்பது ஏறக்குறைய 7.2 பாகை. 60 மடங்கு பெரிதாக்கினால் அந்தக் காட்சி கண்ணுக்கு 60 மடங்கு விரிந்து தெரிய வேண்டும்: 432 பாகை. முழு வட்டத்துக்கே 360தான்!

இருட்டில் விரிந்த கண்மணி 5 முதல் 7 மி.மீ. வரை இருக்கும், 2.75 மி.மீ. ஒளிவட்டம் அதை நிரப்பாது. வேடந்தாங்கலில் பறவைகள் அடையத் திரும்பும் அந்திப் பொழுதிலேயே காட்சி மங்கிவிடுகிறது. லென்ஸில் பளபளக்கும் சிவப்புப் பூச்சு சிவப்பொளியைத் திருப்பி அனுப்பிவிடுவதால், மஞ்சள்மூக்கு நாரையின் இளஞ்சிவப்பு இறகுகள் சாம்பலாகத் தெரிகின்றன.

இரண்டு கருவிகளில் தொலைவிலுள்ள செல்போன் கோபுரம் இரண்டாகத் தெரிகிறது. “வலக் கண்லென்ஸ் வளையத்தைத் திருப்புங்கள்” என்றார் தங்கள் வாடிக்கையாளர் சேவையாளர். அந்த வளையம் இரு கண்களின் பார்வை வேறுபாட்டைச் சரிசெய்ய மட்டுமே. ஒவ்வொரு கண்ணாலும் தனித்தனியே தெளிவாகவும், சேர்ந்து பார்க்கையில் இரட்டையாகவும் தெரிந்தால் கோளாறு ஃபோகஸில் இல்லை; இரு குழல்களும் ஒரே திசையை நோக்கவில்லை. உள்ளே ப்ரிஸம் (ஒளியைத் திருப்பிவிடும் கண்ணாடிக் கட்டி) நகர்ந்தாலும் மடக்குக் கீல் சாய்ந்தாலும் இப்படி ஆகும். தொடர்ந்து பார்த்தால் தலைவலிதான் மிச்சம்.

விலை குறைவு என்பது எங்கள் குறையே அல்ல. நேர்மையாக 8x22 என்று எழுதி, குழல்களை ஒழுங்காகச் சீரமைத்து விற்றால் பகலில் பறவை பார்க்க நல்ல கருவிதான்.

நான்கிற்கும் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள்; கூரியர் செலவு தங்களுடையது. விற்பனைப் பக்கத்தில் உண்மையான பெருக்கம், முன்லென்ஸ் விட்டம், ப்ரிஸக் கண்ணாடி வகை, கண்ணுக்கும் கண்லென்ஸுக்கும் வேண்டிய இடைவெளி ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். மூக்குக்கண்ணாடி அணிவோருக்கு அந்த இடைவெளி 15 மி.மீ.யாவது வேண்டும். “இரவு” என்ற சொல்லை நீக்குங்கள்.

2020ஆம் ஆண்டு மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி இப்புகாரைப் பெற்றதை 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். தவறினால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடுவோம்.

இணைப்பு: பில் நகல், ஸ்கேல் வைத்து எடுத்த லென்ஸ் படங்கள், பெட்டியின் படம்.

இப்படிக்கு,
பறவை நோக்கர் குழுவினர்