சுருட்டுக் கடையில் ஒரு மாலை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. ஸ்டென்ட் வைத்தபின் நடைப்பயிற்சி பழகிவிட்டது, சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கிறது என்று படித்ததும் எங்கள் இருவருக்கும் பெரிய நிம்மதி. இங்கே என் மனைவிக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது. இப்போது கண்ணாடி இல்லாமலே ஊசியில் நூல் கோக்கிறாள். பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள்; கைக்கு எட்டும் உயரத்தில் வீட்டில் எந்தப் பொருளையும் வைக்க முடியவில்லை. வேறு பெரிய செய்தி இல்லை.

சிகரெட்டை விட்டதில் வருத்தமில்லை, ஆனால் அதோடு சாயங்காலப் பேச்சும் போய்விட்டது என்று எழுதியிருந்தாய். அந்த வரி மனத்திலேயே நின்றுவிட்டது. வேலை முடிந்து வாசலில் நிற்போமே, நீ புகைப்பாய், நான் சும்மா நிற்பேன், பேச்சு மட்டும் இருவருக்கும் பொது. இந்த நினைப்பிலேயே இருந்தபோதுதான், என்னோடு வேலை பார்த்த ஒருவர் தான் வழக்கமாகப் போகும் சுருட்டுக் கடைக்கு என்னை அழைத்துப்போனார். கடைக்குப் பின்னால் உட்கார்ந்து புகைக்கத் தனிக்கூடம் உண்டு. அங்கே பார்த்ததையெல்லாம் உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முன்பக்கத்தில் சொல்ல ஒன்றுமில்லை. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருக்கும் சேமிப்பு அறையில்தான் எல்லாமும் இருக்கிறது. ஹியூமிடார் என்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் முகத்தில் இலேசான ஈரம் படுகிறது. புகையிலை என்றாலே மூக்கை எரிக்கும் நெடிதான் எனக்கு நினைவு வரும். இங்கே அந்த நெடியே இல்லை. மரவாசனையும் பதப்பட்ட இலையின் வாசனையும் ஒன்றோடொன்று கலந்து நிற்கின்றன. தட்டுகள், பெட்டிகள், சுவர்ப் பலகைகள் எல்லாம் ஒரே மரம். ஸ்பானிஷ் சீடர் என்று அழைத்தாலும் அது தேவதாரு இனமே அல்ல. நம் வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. காற்றிலுள்ள ஈரத்தை வாங்கி வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடும். வேம்புக்கு உறவு என்று அறிந்ததும் அந்த மரத்தின் மேல் எனக்கு ஒரு தனிப் பிரியம் வந்துவிட்டது.

அறையின் ஈரப்பதத்தை 65 முதல் 70 சதவீதத்துக்குள் வைத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே போனால் சுருட்டைப் போர்த்தியிருக்கும் மேலிலை வெடித்துவிடும், புகை காரமாகிவிடும். மேலே போனால் சுருட்டு ஊறிப் பருத்து இழுக்கவே வராது, பூஞ்சையும் பிடிக்கும். சூடு ஏறினால் இன்னொரு ஆபத்து. இலைக்குள் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும் புகையிலை வண்டின் முட்டைகள் பொரித்துவிடும். முழுதாய் வளர்ந்தாலே இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் அந்த வண்டு. ஆனால் அதன் புழு ஒரு பெட்டியையே துளைத்துப் பாழாக்கிவிடுமாம். அதனால் புதிதாக வரும் சரக்கைச் சில நாள் உறைநிலையில் வைத்து எடுத்தபிறகே கடைக்காரர் உள்ளே அடுக்குகிறார்.

நான் கேள்வி மேல் கேள்வி கேட்பதைப் பார்த்து, மேலிலை கிழிந்து விற்க முடியாமல் போன ஒரு சுருட்டை எடுத்து, பிளேடால் நீளவாக்கில் பிளந்து காட்டினார். வெளியே மெல்லிய ஓர் இலை, நரம்பே தெரியாமல் வழவழவென்று. அதற்குள் தடித்த முரட்டு இலை ஒன்று. அதுதான் உள்ளே இருப்பதையெல்லாம் இறுக்கிப் பிடித்திருக்கிறது. நடுவில் முழு நீள இலைகள், விசிறி மடிப்பாக மடித்து வைத்தவை. மடிப்புக்கும் மடிப்புக்கும் நடுவே நுனியிலிருந்து அடிவரை காற்றுப் போக மெல்லிய வழி ஓடுகிறது. அந்த வழி அடைபட்டால் சுருட்டே வீண். மலிவான சரக்கில் இப்படி இருக்காது, துண்டு துணுக்குகளைத் திணித்திருப்பார்கள் என்றார். உள்ளே இருந்த இலைகளும் ஒரே நிறமாக இல்லை. செடியின் உச்சியில் வெயிலை முழுதாக வாங்கிய இலைதான் வீரியம் மிக்கது. மெதுவாக எரியும் என்பதால் அதை நட்டநடுவில் வைக்கிறார்கள். அடியிலை சுலபமாகப் பற்றிக்கொள்ளும். இடையிலை வாசனைக்கு. மேலே போர்த்தும் இலைக்கோ வெயிலே கூடாது என்று வயல் முழுக்கத் துணிப்பந்தல் போட்டு வளர்ப்பவர்களும் உண்டு.

பறித்த இலையை முதலில் கொட்டகையில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். பச்சை மஞ்சளாகி, மஞ்சள் பழுப்பாக வாரக்கணக்கில் ஆகிறது. பிறகு ஈரம் தெளித்து ஆள் உயரத்துக்குக் குவித்து வைத்தால், குவியல் தானாகவே உள்ளுக்குள் சூடேறி நொதிக்கிறது. அம்மோனியா நெடி கிளம்புகிறது. சூடு எல்லை மீறுவதற்குள் குவியலைக் கலைத்து, உள்ளே இருந்ததை வெளியேயும் வெளியே இருந்ததை உள்ளேயுமாக மாற்றி அடுக்க வேண்டும். இது பல தடவை நடக்கும். அதன்பிறகும் இலை ஓய்வெடுக்க வேண்டும். விதைத்ததிலிருந்து கடைக்கு வர இரண்டு மூன்று ஆண்டுகளாவது ஆகின்றன. ஒரு மணி நேரத்தில் சாம்பலாகப் போகிற பொருளுக்கு இத்தனை பேரின் இத்தனை உழைப்பா என்று நான் மலைத்துப்போய் நின்றேன்.

இனி எழுதப்போவது உனக்காகவே. தொழிற்சங்கத்தில் இத்தனை காலம் இருந்தவன் நீ, இதைக் கேட்டால் விடமாட்டாய். கடைச் சுவரில் ஒரு பழைய புகைப்படம் மாட்டியிருந்தது. பெரிய கூடத்தில் வரிசை வரிசையாகத் தொழிலாளர்கள் உட்கார்ந்து சுருட்டுச் சுற்றுகிறார்கள். அவர்கள் நடுவே உயர்ந்த மேடையில் ஒருவர் கையில் பத்திரிகையோடு இருக்கிறார். மேற்பார்வையாளர் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் வாசிப்பவர். கியூபாவின் தலைநகர் ஹவானாவில் எல் ஃபிகாரோ என்ற சுருட்டுத் தொழிற்சாலையில் 1865ல் இந்த வழக்கம் தொடங்கியது. கை தன் வேலையைச் செய்துகொண்டிருக்க, காது சும்மா இருக்கக் கூடாது என்று ஒருவரை உரக்க வாசிக்க வைத்தார்கள். செய்தித்தாள், அரசியல் கட்டுரை, நாவல் என்று எதையும் விடவில்லை. அவருக்குக் கூலி கொடுத்தது முதலாளி அல்ல. தொழிலாளர்களே தங்கள் சம்பளத்திலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கொடுத்தார்கள். என்ன வாசிக்க வேண்டும் என்பதையும் அவர்களே தீர்மானித்தார்கள்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட உலக நடப்பைப் பேசத் தொடங்கினால் அரசாங்கத்துக்குப் பொறுக்குமா? மறு ஆண்டே, 1866ல், அன்று கியூபாவை ஆண்ட ஸ்பானிய அரசு தடை போட்டது. வழக்கம் சாகவில்லை. பின்னர் கியூபாவில் திரும்பவும் தலையெடுத்தது. கடல் கடந்து அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போன தொழிலாளர்கள் அங்கேயும் கொண்டுபோனார்கள். கியூப விடுதலைக்கு ஆதரவு திரட்ட ஹோசே மார்த்தி 1891ல் ஃபுளோரிடாவின் டாம்பா நகருக்குப் போனபோது, அவரைக் கொண்டாடி வரவேற்றவர்கள் இந்தச் சுருட்டுத் தொழிலாளர்கள். அதே டாம்பாவில் 1931ல், வாசிப்பவர்கள் தீவிரக் கருத்துகளைப் பரப்புகிறார்கள் என்று சொல்லி முதலாளிகள் அவர்களை வெளியேற்றினார்கள். தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தும் பலனில்லை. பிறகு அந்த இடத்துக்கு வானொலி வந்தது. கியூபாவில் இன்றும் தொழிற்சாலைகளில் வாசிக்கிறார்கள். சம்பளம் கேட்டுப் போராடியவர்களை நீயும் நானும் நிறையப் பார்த்திருக்கிறோம். தங்களுக்கு வாசித்துக் காட்டும் ஒருவருக்காக வேலையை நிறுத்தியவர்களைக் கேள்விப்பட்டதுண்டா? அந்தப் படத்தின் முன்னாலிருந்து நகரவே எனக்கு மனமில்லை.

கூடத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஆழமான தோல் நாற்காலிகள், தாழ்ந்த மேசைகள், அகலமான சாம்பல் கிண்ணங்கள். தலைக்கு மேலே காற்றை உறிஞ்சும் இயந்திரம் ஓயாமல் இரைகிறது. வாடிக்கையாளர்கள் தங்கள் சுருட்டுகளை வைத்துக்கொள்ள ஒரு சுவர் முழுக்கச் சிறு பூட்டுப்பெட்டிகள். நண்பர் எனக்காக வீரியம் குறைந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். ரொபஸ்டோ என்று அந்த அளவுக்குப் பெயர். ஐந்து அங்குல நீளம், பருமன் 50. பருமனை அங்குலத்தில் அறுபத்து நான்கில் ஒரு பங்காக எண்ணுவார்கள் என்பதால், 50 என்றால் குறுக்களவு ஏறக்குறைய இருபது மில்லிமீட்டர். நாம் பார்த்துப் பழகிய சுருட்டுக்கு இரு முனையும் திறந்திருக்கும். இதற்குத் தலைப்பக்கம் சிறு இலைத் துண்டால் மூடியிருக்கிறது. அந்த மூடியின் நுனியை மட்டும் கத்தரிக்க வேண்டும். ஆழமாக வெட்டினால் மேலிலை பிரிந்து வந்துவிடும். பிறகு தீயை நேராகக் காட்டாமல் சற்றுத் தள்ளிப் பிடித்து, சுருட்டை உருட்டி உருட்டி அடி முழுவதும் சீராகக் கனலும்வரை காத்திருக்க வேண்டும்.

புகையை நெஞ்சுக்குள் இழுக்கக் கூடாது, வாயில் வைத்து விட்டுவிட வேண்டும். நிமிடத்துக்கு ஒரு முறைக்கு மேல் இழுத்தால் சூடேறிக் கசந்துவிடும். அவசரப்படவே முடியாது, நண்பா. அதுதான் அந்தக் கூடத்தின் இரகசியம் என்று எனக்குத் தோன்றியது. கையில் எரிவது முடிய முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஆகும். அதுவரை யாரும் எழுந்து போகப்போவதில்லை. முன்பின் தெரியாதவர்கள் பேசிக்கொள்கிறார்கள். எனக்கு எதிரே இருந்த பெரியவர் தன் தம்பியோடு பாகப்பிரிவினையில் வந்த மனத்தாங்கலை, பக்கத்திலிருந்த இளைஞனிடம் விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த இளைஞனும் தன் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். நடு நடுவே இருவரும் பேசாமல் இருந்தார்கள். அந்த மௌனம் யாருக்கும் சங்கடமாக இல்லை.

சுவை எப்படி என்று கேட்பாய். தொடக்கத்தில் மரமும் மண்ணும் கலந்த ஒரு மணம், பாதிக்கு மேல் மிளகுக் காரம். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கடைசிப் பகுதிக்கு வருவதற்குள் தலை இலேசாகச் சுழன்றது. உள்ளே இழுக்கவில்லையே என்றால், சுருட்டுப் புகை காரத்தன்மை உடையது (மிளகுக் காரம் அல்ல, அமிலத்துக்கு எதிரான தன்மை); அதனால் நிகோடின் வாயின் உட்தோல் வழியாகவே இரத்தத்தில் சேர்ந்துவிடும். ஒரு பெரிய சுருட்டில் ஒரு பாக்கெட் சிகரெட்டில் இருக்கும் அளவுக்குப் புகையிலை இருக்கக்கூடும். வாய், தொண்டை, உணவுக்குழாய், நுரையீரல் எல்லாவற்றிலும் புற்றுநோய்க்கு இது காரணமாகிறது. உள்ளே இழுக்காததால் தீங்கில்லை என்று கூடத்தில் ஒருவர் உறுதியாகச் சொன்னார். அது உண்மையல்ல. உனக்கு யாராவது அப்படிச் சொன்னால் காதில் வாங்காதே.

சாம்பல் கிண்ணங்களை மாற்றிக்கொண்டு ஒரு பையன் மேசைக்கு மேசை போய்வந்துகொண்டிருந்தான். நாங்கள் ஒரு மணி நேரத்தில் எழுந்துவிடுவோம்; அவன் கடை அடைக்கும்வரை அதே காற்றில்தான் இருக்க வேண்டும். எந்த இயந்திரமும் அந்தக் காற்றை முழுதும் சுத்தமாக்காது. அவனைப் பார்த்தபிறகு அந்த நாற்காலியில் எனக்கு நிம்மதியாக உட்கார முடியவில்லை. அழகான இடம், அருமையான மனிதர்கள், மறுக்கமாட்டேன். ஆனாலும் அந்தக் கூடத்துக்கு இனி நான் போகப்போவதில்லை. நண்பரிடமும் சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

என் மனத்தில் தங்கியது அந்த ஒரு மணி நேரம்தான். நீ இழந்ததாகச் சொன்ன சாயங்காலப் பேச்சும் அதுதானே? சிகரெட் நமக்கு ஒரு சாக்கு. பத்து நிமிடம் நிற்க வைத்தது. சாக்கு போனதும் நிற்பதை நாமாகவே விட்டுவிட்டோம். அந்த இளைஞன் பெரியவர் முன்னால் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்ததற்குச் சுருட்டு எதற்கு? நமக்கு அது வேண்டியதே இல்லை.

அதனால் ஒரு யோசனை. மருத்துவர் அனுமதித்ததும் நீ இங்கே வா. கூடத்துக்கு உன்னை அழைத்துப்போகமாட்டேன். முன்கடையில் அந்தப் புகைப்படத்தை மட்டும் காட்டுகிறேன். மற்றபடி தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் நம் வீட்டு மொட்டைமாடியில் உட்காருவோம். நீ ஒரு நாள் எனக்கு வாசித்துக் காட்டு, மறுநாள் நான் உனக்கு. பழைய சங்கக் கூட்டங்களில் நீ தீர்மானம் வாசித்த குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. என்ன புத்தகம் என்பதை நீயே முடிவு செய். அவளும் கேட்க வருவதாகச் சொல்கிறாள், ஆனால் துப்பறியும் கதைதான் வேண்டுமாம்.

அடுத்த பரிசோதனை எப்போது, எத்தனை நாள் தங்க முடியும் என்று உடனே எழுது. மாத்திரைச் சீட்டின் நகல் ஒன்றையும் அனுப்பிவை. இங்கே முன்கூட்டியே வாங்கி வைத்துவிடுகிறேன். வீட்டில் அனைவரையும் கேட்டதாகச் சொல்.

உன் அன்பு நண்பன்