பறக்கும் தேவதூதரும் என் மைக் செட்டும்

பாளையங்கோட்டை

அன்புள்ள செல்வராஜுக்கு,

நீ அனுப்பின வீடியோவை வீட்டோட உக்காந்து பாத்தோம்ல. டெக்சாஸ் பிளேனோவில பிரஸ்டன்வுட் சபை கிறிஸ்துமஸ். தேவதூதர் கம்பியில பறக்காவ, டிரம் அடிக்கவங்களும் அந்தரத்தில தொங்குதாவ, கீழ நிஜ ஒட்டகம். மத்தவங்க ஒட்டகத்தைப் பாத்தாவ, நான் கம்பி எதுல மாட்டியிருக்குன்னு பாத்தேன். மைக் செட்காரன் புத்தி.

ஏறக்குறைய 1000 பேர் மேடையேறுத ஷோ, டிக்கெட் வேற. இதைப் பாத்து நாலு பேர் சபைக்கு வந்தா நல்லதுதானேன்னு எழுதியிருக்க. இங்கயும் அதே பேச்சுதான். எல்இடி வால்னு பெரிய திரை, ஸ்மோக், பேப்பர் பிளாஸ்ட் எல்லாம் கேக்காவ. எனக்கு வருமானம், மறைக்கல. ஆனா போன வருஷம் போட்ட லைட்டையே போட்டா கமிட்டிக்காரங்க முகம் சுண்டிப்போகுது. ஷோ முடிஞ்சு ஐயர், அதான் சபைப் போதகர், செய்தி குடுக்க மைக்கைப் பிடிக்கதுக்குள்ள பாதி நாற்காலி காலி. ஓரமா வயர் சுத்திக்கிட்டு நிக்க எனக்கு அது நல்லாவே தெரியும்.

கலிபோர்னியா கிரிஸ்டல் கதீட்ரல், அதான் ராபர்ட் ஷுல்லர் கட்டுன கண்ணாடிக் கோயில், அங்கயும் பறக்கத் தூதரும் ஒட்டகமும்தான் பேர்போனது. 2010 அக்டோபர்ல திவால் மனு போட்டாவ. பாக்கி வரவேண்டியவங்க வரிசையில ஷோவுக்கு மிருகங்களை வாடகைக்கு விட்டவங்களும் நின்னாவ. கடைசியில கட்டடத்தைக் கத்தோலிக்க மறைமாவட்டம் 5.75 கோடி டாலருக்கு வாங்கிட்டு. ஷோவாலதான் முழுகிச்சுன்னு சொல்ல மாட்டேன். காணிக்கை குறைஞ்சது, கடன், குடும்பத்துக்குள்ள தகராறு எல்லாம் உண்டு. இருந்தாலும் அந்த ஒட்டகக்காரன் வயித்தெரிச்சல் எனக்குப் புரியும்.

கூட்டம் சேக்கதே தப்புன்னு இல்ல. மெஞ்ஞானபுரம் சர்ச்சுல 192 அடிக்குக் கோபுரம் எழுப்புனவங்க அது யார் கண்ணுலயும் படக்கூடாதுன்னா எழுப்புனாவ? நம்ம அசனத்துக்கு, அந்தச் சபை விருந்துக்கு, வராத கூட்டமா? ஆனா அசனத்துக்கு முந்தின ராத்திரி ஊரே உக்காந்து வெங்காயம் உரிக்கும். ஆம்பளைங்க கிடாய் உரிச்சு அண்டாவை அடுப்பேத்துவாவ. வருஷம் பூரா சபைக்குன்னு கைப்பிடி அரிசி எடுத்து வச்ச கிழவிக்கு அது தன் வீட்டு விசேஷம். அவளுக்குப் பந்தியில குழம்பு குறைஞ்சா சண்டைக்கு வர உரிமை உண்டு. எல்இடி வாலுக்கு முன்னால போனைத் தூக்கிப் பிடிச்சு உக்காந்திருக்கவனுக்கு அங்க என்ன வேலை? அடுத்த ஞாயிறு அவன் வரலன்னா தேடுததுக்குத்தான் யாரு?

சரி, 24 ராத்திரி ஒரு பெரிய சபைக்கு லைட்டு ஒத்துக்கிட்டேன். வாடகை முழுசையும் முன்னாலேயே வாங்கிட்டேன்.

மதினியைக் கேட்டதாச் சொல்லு.

உன்,
தங்கராஜ்