நம் ஊர்த் துறை விளக்கை மீண்டும் ஏற்ற நன்கொடை வேண்டுகோள்

ஊரில் இருக்கும் பெரியோர்களுக்கும், கொச்சி, மங்களூர்ப் பக்கம் தங்கல் தொழிலுக்கு, அதாவது நாள்கணக்கில் கடலில் தங்கி மீன்பிடிக்க, போயிருக்கும் தம்பிமாருக்கும், வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கும் விளக்குக் குழுவின் வணக்கம்.

அலையைத் தடுக்கக் கடலுக்குள் நீளும் கல்சுவரான மேற்குத் தூண்டில் வளைவின் நுனியில் இரண்டு ஆள் உயரத்துக்கு நிற்கும் விளக்குத் தூணை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். இரண்டு ஆடி மாதமாக அது எரியவில்லை. சென்ற வாரம் குழுவினர் மூவர் போய்ப் பார்த்தோம். தூணின் அடியில் இருக்கும் பேட்டரிப் பெட்டியின் மூடி கையோடு பெயர்ந்து வந்தது. உள்ளே உப்பும் துருவும் ஒரு குட்டி நண்டும் இருந்தன. மேலே சூரியத் தகட்டில் நீர்க்காகங்களின் எச்சம் சுண்ணாம்பு அடித்ததுபோல் படிந்திருந்தது. கடல் பக்கத்தில் சிமென்ட் உதிர்ந்து கம்பி தெரிகிறது. விளக்கை மட்டும் மாற்றிவிட்டு வந்தால் அடுத்த கடலேற்றத்துக்குத் தூண் நிற்காது.

முட்டத்தில் அவ்வளவு பெரிய கலங்கரை விளக்கம் இருக்கும்போது இது எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். முட்டம் விளக்கு தூரத்தில் வருகிறவனுக்கு எந்தக் கரை என்று சொல்லும். நம் துறையின் வாய் எங்கே என்று சொல்லாது. இரவில் மீனோடு திரும்பும் வள்ளத்துக்குக் கரைக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் உயிர்ப்பயம். ஒரு பக்கம் தூண்டில் வளைவின் கல், மறுபக்கம் மணல்திட்டு, நடுவில் அலை உடையாத ஒடுங்கிய தண்ணீர். அதற்குள் நுழைய வேண்டும்.

கைப்பேசியில் ஜி.பி.எஸ். இருக்கிறதே என்பது அடுத்த கேள்வி. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்த பிறகு, கரையிலிருந்து படகுக்குச் செய்தி சொல்லும் கருவிகளைப் பற்றி எல்லோரும் பேசத் தொடங்கினோம். ஆழ்கடலுக்குப் போகிறவர்களுக்கு அவை வேண்டியவைதான். ஆனால் திறந்த வானத்தின் கீழும் கைப்பேசி சில மீட்டர் பிசகும். நம் வாயில் அந்தச் சில மீட்டரில்தான் கல் இருக்கிறது. பின்னால் அலை தூக்கும்போது ஒரு கை சுக்கானில், ஒரு கை வள்ளத்தின் விளிம்பில். ஈரக்கையோடு கைப்பேசித் திரையை யார் தடவிக்கொண்டிருப்பார்கள்? அந்தத் திரை வெளிச்சத்தைப் பார்த்த கண்ணுக்கு அடுத்த சில நிமிடங்கள் இருட்டில் எதுவும் தெரியாது என்பது தனிக்கதை.

நம் அப்பாமார் கோயில் கோபுரத்து விளக்கை அடையாளமாக வைத்துக் கரை பிடித்தார்கள். இன்று கரை முழுக்க உயர்கோபுர மின்விளக்குகள். அந்த வெள்ளை வெளிச்சத்தில் இன்னொரு வெள்ளை விளக்கு இருப்பதே தெரியாது. திருவிழாப் பத்து நாளும் கேட்கவே வேண்டாம். கடலிலிருந்து பார்த்தால் ஊரே ஒரு சீரியல் பல்பு. ஆகவே புதிய விளக்கு சிவப்பாக, விட்டுவிட்டு எரிவதாக இருக்கும். கடலிலிருந்து உள்ளே வருபவருக்கு இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை என்பது இந்தியக் கடலோரம் முழுக்க உள்ள விதி. நம் தூண் இடப்பக்கம் நிற்கிறது. பழையபடி வெள்ளையே போதும் என்ற பெரியவர்களிடம் இதைச் சொல்லி ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறோம்.

கடலை நோக்கி விளக்கு வைப்பதற்கு அனுமதி வேண்டும். அது எழுத்தில் கைக்கு வரும்வரை விளக்கு வாங்க ஒரு ரூபாயும் எடுக்கமாட்டோம். தூணைச் செப்பனிடும் வேலை முதலில் நடக்கும். தகடு, பேட்டரி, விளக்கு மூன்றும் ஒரே கூட்டுக்குள் இருக்கும் வகையைத்தான் பார்த்திருக்கிறோம். சூரியனே முகம் காட்டாத ஆடி நாட்களையும் தாங்கும் பேட்டரி அதில் வேண்டும். ஏணிக்கும் கைப்பிடிக்கும் 316 ரக எவர்சில்வர். சமையலறை எவர்சில்வரைக் கடல் காற்று விட்டுவைக்காது. பறவை உட்காராமலிருக்க உச்சியில் ஊசிக்கம்பி.

வந்த பணம் எல்லாவற்றையும் முதல் மாதமே செலவழித்துவிடப் போவதில்லை. ஒரு பகுதி பேட்டரி மாற்றவும் ஆண்டுதோறும் பெயின்ட் அடிக்கவும் தனியாக இருக்கும். பழைய விளக்கு புயலில் போகவில்லை, பார்ப்பாரில்லாமல் போனது. அதில் எங்களுக்கும் பங்கு உண்டு.

கடலுக்குப் போகிறவர்களிடம் ஒரு நாள் பங்கில் பாதியையும், சம்பளக்காரர்களிடம் ஒரு நாள் சம்பளத்தையும் கேட்கிறோம். முடியாதவர்கள் முடிந்ததைத் தாருங்கள். ஏலக்கூடத்தில் ரசீதுப் புத்தகம் இருக்கிறது. வெளியூரில் இருப்பவர்கள் வங்கிக் கணக்கு எண்ணைக் குழுவினரிடமே பேசிப் பெற்றுக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் எந்த எண்ணுக்கும் அனுப்ப வேண்டாம். வரவும் செலவும் மாதக் கடைசி ஞாயிறு திருப்பலிக்குப் பின் வாசிக்கப்படும். தூணில் யார் பெயரும் எழுதப்படாது. ‘உபயம்’ என்று எழுதி எழுதியே டியூப்லைட்டின் வெளிச்சம் பாதி மறைந்ததைப் பார்த்தவர்கள் நாம்.

வெல்டிங்கும் கொத்து வேலையும் தெரிந்த இளைஞர்கள் வரும் சனிக்கிழமை காலை, கடல் வற்றும் நேரத்தில் வந்து சேருங்கள். வரும்போது கயிறு எடுத்து வாருங்கள். கடைசிக் கற்களில் பாசி படிந்து வழுக்குகிறது.

விளக்குக் குழுவினர்